அட்சதை தின்ற எலிகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காருக்குள் எலிகள் தாமாக வரவில்லை. நான்தான் அழைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி சாப்பாடு, படுக்கை, குளிருக்குக் கணப்பு என்று ஒரு குறையும் இல்லாமல் ஒரு மார்கழி மாதம் முழுக்க அவற்றைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், அதில் இருபது நாள் நான் எலிகளை விரட்டிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை என் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். அதுவும் இதே காரால் வந்ததுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கார்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் சுண்டுவிரல் என்னுடையது. உலக யுத்தத்துக்கு முந்தைய வண்டி. கொடைக்கானல் எஸ்டேட் துரை ஒருவர் சுதந்திரம் வந்ததும் கப்பல் ஏறினார். அவருடைய கார் மலை இறங்கியது. இரண்டு பேரிடம் கைமாறி, அவர்கள் இரண்டு பேரும் புத்திசாலிகளாக இருந்ததால், என்னிடம் வந்து சேர்ந்தது. பட்டுச் சேலைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அரக்கு வண்ணம் அடித்தேன். வெயிலில் நின்று நின்று அது செங்கல் வண்ணமாகிவிட்டது. பக்கவாட்டில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். பின்னால் இரண்டு பேர் தாராளமாகவும், கல்யாண நாளில் ஐந்து பேர் தாராளமில்லாமலும் உட்காரக்கூடிய தோல் சீட்டு.

முகூர்த்த மாதங்களில் அந்த வண்டிக்கு ஓய்வே இருக்காது. மார்கழி பிறந்தால் முப்பது நாளும் கொட்டகைதான். யாரும் கல்யாணம் பண்ண மாட்டார்கள். ஆடியிலும் இப்படித்தான் நிற்கும். ஆனால் ஆடிக் காற்றில் எலிக்குக் குளிராது. எங்கள் ஊர் வெயிலை மட்டும் தெரிந்தவர்கள் ஒரு மார்கழிக் காலையில் வந்து நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு விடிகாலையில் குளிரை எங்கள் தலையில் கொட்டும். மனிதனே கம்பளிக்குள் சுருண்டுகொள்கிற நேரத்தில் எலி மட்டும் வரப்பில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமா என்ன?

இப்போது அட்சதை விஷயத்துக்கு வருகிறேன். பொண்ணு மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்ததும், பந்தலில் போட்டது போதாதென்று சொந்தக்காரர்கள் ஜன்னல் வழியாகவும் மஞ்சள் அரிசியைத் தூவுவார்கள். பாதி தலையில் விழும். மீதி சீட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். கூடவே உதிர்ந்த பூ, கல்கண்டு, பொரி, குழந்தைகள் கடித்துப் போட்ட அதிரசம். மற்ற கார்க்காரர்கள் வண்டி வீடு திரும்பியதும் சீட்டைத் தூக்கிக் கூட்டிவிடுவார்கள். நான் கூட்டவில்லை. அட்சதை என்பது ஆசீர்வாதம் அல்லவா, துடைப்பத்தால் தள்ளலாமா என்பது நான் சொன்ன காரணம். தோல் சீட்டைக் கழற்றி மாட்ட சோம்பல் என்பது நிஜக் காரணம்.

சோம்பலுக்கு ஒரு நல்ல பெயர் வைத்தால் அது வியாபாரமாகிவிடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நம்ம வண்டி சீட்டுக்கு அடியில ஊர்ப்பட்ட கல்யாணத்து ஆசீர்வாதம் கெடக்கு" என்று டீக்கடையில் ஒரு நாள் விளையாட்டாக அளந்துவிட்டேன். ஒரே வருடத்தில் 'ராசியான கார்' என்று பெயர் வந்துவிட்டது. ஊர் நம்பியதில் தப்பில்லை. நானும் நம்பத் தொடங்கியதுதான் தப்பு.

நம்பாத ஒரே ஆள் என் மனைவி. அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. நான் மேலே சொன்ன அந்தப் பெரிய முட்டாள்தனம் அவள் சம்பந்தப்பட்டது.

எங்கள் கல்யாணம் நடந்த முகூர்த்த நாளில், அதற்கு முன்பே என் காரை வேறொரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. சின்னாளப்பட்டியில் தாலி கட்டி, புதுப்பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றினேன். "மாட்டு வண்டிதான் மங்களகரம்" என்று மாமனார் வீட்டில் ஒரு பிரசங்கமே செய்தேன். பாதி வழியில் பின்னால் 'பாம் பாம்' என்று ஹாரன் கேட்டது. எனக்குத் தெரியாத ஹாரனா? அரக்கு நிறக் கார் ஒன்று, வேறொரு பெண்ணையும் வேறொரு மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் மேல் புழுதியை வாரி அடித்துவிட்டு முந்திப் போனது. முகத்தையும் கூரைச் சேலையையும் துடைத்துக்கொண்டே அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "அது யாரு காரு?"

"யாரு காரோ" என்றேன்.

ஒரு வாரத்தில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காரே எங்கள் வீட்டுக் கொட்டகையில்தானே நிற்கிறது! அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. "உன்னைய இந்தக் காருலயே பழனிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வருடா வருடம் சொல்வேன். அவள் 'உம்' என்பாள். அந்த 'உம்'முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. பயம்தான்.

அந்த வருடம் கார்த்திகை முடிகிற நேரத்தில் வடமதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர் தேடி வந்தார். கத்தரிக்காயும் தக்காளியும் போடுகிறவர். துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, அரிசி கெடக்குற காரு இதுதானே?"

"இதேதாங்கய்யா."

"எம் மகளுக்கு ரெண்டு சம்பந்தம் கூடி வந்து ரெண்டும் தட்டிப்போச்சு அப்பு. மொத தரம், பரிசம் போடக் கெளம்புறப்ப பல்லி கத்துச்சுன்னு மாப்ள வீட்டுக்காரக திரும்பிப் போய்ட்டாக. ரெண்டாந்தரம் பூனை குறுக்க போயிருச்சாம். இப்ப மூணாவதா அமைஞ்சிருக்கு. திண்டுக்கல்லு மாப்ள. தை மாசம் மொத முகூர்த்தம். மாப்ளைக்கு ஒரு அத்தை இருக்கு. அது பல்லிக்கும் பூனைக்கும் மேல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ள புகுந்த வீட்டு வாசல்ல எறங்குற வரைக்கும் ஒரு அவசகுனம் வந்துறக் கூடாது. ஒங்க காருன்னா ராசின்னு சொன்னாக. அந்த அரிசிய மட்டும் எடுத்துறாதீக."

"ஒரு மணி எடுக்க மாட்டேங்கய்யா. எம் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்தேன். அப்போது எனக்குப் பின்னால் நின்ற என் மனைவி தொண்டையைச் செருமினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்தது. வண்டியைக் கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினேன். கொட்டகைக்குப் பின்னால் சோளத்தட்டையை அடுக்கிய ஒரு படப்பு. அதற்குப் பின்னால் அறுத்துவிட்ட கடலைக்காடு. தை முகூர்த்தத்துக்கு வண்டி ஒரு சொல்லில் கிளம்ப வேண்டுமே! பேட்டரி இறங்கக் கூடாது என்று தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். அந்தச் சூடு வீணாகக் கூடாது என்று, நிறுத்தியதும் பானெட்டின் மேல் பழைய ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போர்த்தினேன். ஒரு பக்கம் ஒழுங்காகத் தொங்கவில்லையென்றால் திரும்ப வந்து சரி செய்வேன். பிள்ளை இல்லாத வீட்டில் காருக்காவது போர்த்திவிடுகிறானே என்று தெருவில் இரக்கப்பட்டார்கள்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் ஹாரனை அமுக்கினேன். 'பாம்' என்று வரவேண்டிய இடத்தில் 'புஸ்' என்று வந்தது. ரப்பர் பந்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல் அடையாளம். காது கொடுத்துக் கேட்டேன். பின்சீட்டுக்குள் 'கறுக் மொறுக்' என்று சத்தம். யாரோ நிதானமாக ஆசீர்வாதத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் அம்மியில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"சீட்டத் தூக்கி அந்த அரிசியக் கூட்டித் தள்ளுங்க."

"அது அரிசி இல்ல, ஆசீர்வாதம். வாக்குக் கொடுத்திருக்கேன்ல?"

"அது எலிக்குத் தெரியுமா?"

சரி, அரிசியைத் தொடாமல் எலியை விரட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் எந்தத் தொந்தரவுக்கும் முதலில் கை போவது பூட்டுக்குத்தான். கொட்டகைக் கதவின் அடியில் தகரம் அடித்தேன். பிறகு பூட்டுப் பட்டறைக்குப் போய் இருப்பதிலேயே பெரியதாக ஒன்று கேட்டேன். தேங்காய் அளவுக்கு ஒன்றை எடுத்து வைத்த பட்டறைக்காரர், "வீட்டுல நகையா?" என்றார்.

"இல்லண்ணே, எலி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாவிய எலி கைக்கு எட்டாத எடத்துல வச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

பூட்டினேன். ஓலைக் கொட்டகைக்குக் கூரை என்று ஒன்று இருப்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது எலிப்பொறி. டீக்கடையில் சுடச்சுட மசால் வடை வாங்கி, பொறியில் மாட்டி, காருக்குள்ளேயே முன்சீட்டில் வைத்தேன். காலையில் பார்த்தால் வடை இல்லை; எலியும் இல்லை; பொறி வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் நான்கு வடை. ஐந்தாம் நாள் வடைப் பொட்டலத்தோடு போகும்போது என் மனைவி வழிமறித்தாள்.

"சோறு ஏற்கெனவே போட்டாச்சு. இப்ப தெனமும் வெஞ்சனமும் கொண்டு போறீகளாக்கும்?"

அந்த வடையை நானே தின்றேன். பொறிக்காக வாங்கியதில் எனக்குப் பிரயோஜனமானது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கினேன். அது கொட்டகைக்குள் போனது, ஜமக்காளத்தின் மேல் ஏறியது, வெதுவெதுப்பை மோப்பம் பிடித்தது, சுருண்டு படுத்தது. அதுவும் குளிருக்கு இடம் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கடைசியாகப் புகையிலை. ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மூக்கில் ஏறுகிற சரக்கு. கிடங்கில் கழித்துப் போட்ட காம்புகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, பானெட்டுக்குள், சீட்டுக்கு அடியில், கால் வைக்கிற இடத்தில் எல்லாம் திணித்தேன். திணித்து முடிப்பதற்குள் கண்ணும் மூக்கும் ஆறாக ஓடின. தும்மல் சத்தம் கேட்டு இரண்டு தெரு தாண்டியிருந்த வைத்தியர் என்ன ஏது என்று விசாரித்து ஆள் அனுப்பினார். ஆனால் பலன் இருந்தது. மறுநாள் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பொங்கல் வரைக்கும் ஒரு 'கறுக்' கூடக் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நான் டீக்கடையில் சொன்ன கதையில் கடைசியாக முப்பது எலி மூட்டை முடிச்சோடு மதுரை ரோட்டில் நடந்து போனது.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு வண்டியைக் கிளப்பினேன். கிளம்பவில்லை. முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். எஞ்சின் இருமக்கூட இல்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பேகம்பூரில் இருந்த மெக்கானிக் பாயைக் கூட்டிவர ஓடினேன். என்னை எப்போதும் 'மாப்ள' என்று கூப்பிடுவார். என் வண்டியைக் கூப்பிடுகிற பெயரை இங்கே எழுத முடியாது.

பாய் ஜமக்காளத்தை எடுத்தார். பானெட்டைத் திறந்தார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இங்கிட்டு வா. வந்து ஒன் குடித்தனக்காரங்களப் பாரு."

எஞ்சினுக்குப் பக்கத்தில், சூடு நன்றாகப் படுகிற மூலையில், தேங்காய் நாரும் பஞ்சும் ஜமக்காள நூலுமாக அழகாக ஒரு கூடு. சுற்றிலும் வேலி போட்டதுபோல நான் திணித்த புகையிலைக் காம்புகள். வயர்களின் மேல் சுற்றியிருந்த துணியைக் காணோம். அதுவும் கூட்டுக்குள் இருந்தது. செம்புக் கம்பி மொட்டையாக மின்னியது.

"தெனமும் எஞ்சின ஓட விட்டியா?"

"ஆமா பாய். பேட்டரி எறங்கக் கூடாதுல்ல?"

"அப்புறம் இந்த ஜமக்காளம்?"

"குளிருமேன்னு போத்துனேன்."

"யாருக்கு?"

நான் ஜமக்காளத்தை எடுத்து மடித்தேன். பாய் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எனக்காகத் துவா செய்தாரா, என்னைப் பற்றிப் புகார் செய்தாரா தெரியாது. பிறகு குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று முழுவதும் வயர் வயராக மாற்றினார். ஹாரன் பந்துக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுப் போட்டார். அமுக்கிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. "சினை ஆடு வருதுன்னு ஒதுங்கிருவாங்க, போ" என்றார்.

பிறகு பின்சீட்டைத் தூக்கினேன். தோலின் ஒரு பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பொத்தல். உள்ளே இருந்த நார் பாதி இல்லை. அடியில் மஞ்சள் அரிசி குவியலாகக் கிடந்தது. அரிசியோடு அரிசியாக எலிப் புழுக்கை. ஒரு ஓரத்தில், நார்க் கூட்டுக்குள், கண் திறக்காமல், ரோஜாப்பூ நிறத்தில் ஐந்து குஞ்சுகள்.

நாளை மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். இரண்டு முறை சம்பந்தம் முறிந்த பெண். பல்லி கத்தியதற்கே ஓடிப்போன உலகத்தில், எலிக் குடும்பம் குடியிருக்கிற காரில் அவளை ஏற்றி, சகுனம் பார்க்கிற ஒரு அத்தையையும் பக்கத்தில் உட்கார வைக்கப் போகிறேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன 'எம் பொறுப்பு' நினைவுக்கு வந்தது. நான் கேலி பேசித் தப்பிக்கிற ஆள்தான். அன்று எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

வந்தவள் என் மனைவி. கையில் முறம். முதலில் அந்தக் குஞ்சுகளைக் கூட்டோடு ஏந்திக்கொண்டு போய்ப் படப்புக்குள் வைத்துவிட்டு வந்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

"வேணாம்! அரிசிய எடுக்க மாட்டேன்னு அவருகிட்ட வாக்கு…"

"அரிசிய எடுத்துறாதீகன்னுதானே சொன்னாரு? புழுக்கையையும் சேத்து வைங்கன்னு சொன்னாரா?"

முறத்தில் வாரிப் புடைத்தாள். பூச்சருகு ஒரு பக்கம், புழுக்கை ஒரு பக்கம் என்று பறந்தது. கடித்த அரிசியைக் கோழிக்கு வீசினாள். முழு அரிசியில் நல்லதாக ஒரு கைப்பிடி பொறுக்கி, கழுவி, காயவைத்து, மஞ்சள் துணியில் முடிந்து, காரின் முன்கண்ணாடிக்கு மேல் தொங்கவிட்டாள்.

"இந்தா, அரிசி காருலதான் இருக்கு. அவுக கேட்டா தைரியமாச் சொல்லுங்க."

இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். பாய் அதைச் சத்தமாகவே சொன்னார்: "தங்கச்சி, இவன வீட்டுல வச்சுட்டு வண்டிய நீ ஓட்டு."

சீட்டுப் பொத்தலுக்குள் புது நாரைத் திணித்துத் தைத்தோம். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை. பெட்ஷீட் போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தன் கூரைச் சேலையை எடுத்து வந்து, சீட்டின் மேல் விரித்து, ஓரங்களை இழுத்துச் செருகினாள். அரக்குப் பட்டு, அகலக் கரை. சீட்டு மகாராணி மாதிரி ஆகிவிட்டது.

"இது நம்ம கல்யாணச் சேலைல்ல?"

"அன்னைக்குப் புழுதி பட்டதுக்கு அப்புறம் கட்டவே இல்ல. இதாவது காருல போகட்டும்."

பாய் இருமிக்கொண்டே வேறு பக்கம் போனார். நான் பானெட்டைத் துடைக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே துடைத்திருந்தேன்.

"நானும் வாரேன்" என்றாள் பிறகு. "சேலைக்குத் தொணையா."

முகூர்த்த நாள் விடிகாலையில் பனி ரோட்டை மூடியிருந்தது. வடமதுரை போகிற வரைக்கும் அவள் என் பக்கத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கார் நன்றாக ஓடியது. நான் நன்றாகத்தான் ஓட்டினேன். அவள் கதவை விடவில்லை.

பந்தலில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஒரு பல்லி கத்தவில்லை. ஒரு பூனை குறுக்கே வரவில்லை. பெண்ணின் அப்பா என்னிடம் வந்து கண்ணாலேயே கேட்டார். மஞ்சள் முடிச்சைக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூசியது.

பின்சீட்டில் பெண், மாப்பிள்ளை, அந்த அத்தை. முன்னால் நாங்கள். ஜன்னல் வழியாக மறுபடியும் அட்சதை விழுந்தது. ஒவ்வொரு மணி விழும்போதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி ஹாரனைக் கத்தவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழி வந்திருப்போம். கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளையின் முழங்காலுக்குப் பக்கத்தில், பட்டுச் சேலை மடிப்பு மெல்ல அசைந்தது. உள்ளே இருந்து ஒரு மூக்கு. மூக்குக்கு இரண்டு பக்கமும் மீசை. படப்புக்கு அனுப்பிய குஞ்சுகளின் தாயோ தகப்பனோ, புது அட்சதை வாசனைக்கு வெளியே வந்திருக்கிறது. கடவுளே, உள்ளே போ, உள்ளே போ என்று வேண்டிக்கொண்டேன். அது மாப்பிள்ளையின் வேட்டி மேல் ஏறியது.

மாப்பிள்ளை எழுந்த எழுச்சியில் தலை கூரையில் முட்டி, மாலை அறுந்து, பாதி என் தோளில் விழுந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. அத்தை கால் இரண்டையும் சீட்டு மேல் தூக்கிக்கொண்டு, "ஐயையோ, தாலி கட்டி ஒரு நாழிகை ஆகல! இது என்ன கெட்ட…" என்று தொடங்கினாள்.

அந்த வார்த்தை முடிந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முடிக்கவிடவில்லை, மணப்பெண். அதுவரை தலை நிமிராமல் இருந்தவள், வளையல் குலுங்க ஒரே எட்டில் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"எங்க வீட்டுக் குதிருல பாக்காத எலியா?" என்று ஜன்னல் வழியாகக் கடலைக்காட்டில் வீசிவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தையின் வாய் இன்னும் மூடவில்லை. என் மனைவி திரும்பிப் பார்த்தாள்; குரலில் பக்தி வழிந்தது.

"பிள்ளையாரு வாகனம்ல பெரியம்மா! எந்தக் கல்யாணத்துலயாச்சும் அவரு ஆளனுப்பி நேருல வந்து பாத்துட்டுப் போயிருக்காரா? ஒங்க வீட்டுக்குக் குடுத்து வச்சிருக்கு."

அத்தை யோசித்தாள். பல்லியையும் பூனையையும் எதிரியாக நினைத்த அந்த முகத்தில், பிள்ளையாரைப் பகைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கணக்கு ஓடியது தெரிந்தது. மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முன்னமே சொல்லப்படாதா? வாகனத்த இப்பிடி வாலப் புடிச்சா தூக்குறது?" என்று மருமகளைக் கடிந்துகொண்டாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவள் குனிந்த தலையோடு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கி, தோளில் தொங்கிய அறுந்த மாலையோடு, முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். பாயின் கை வேலை; மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. திண்டுக்கல் வந்து, ஆரத்தி எடுத்து, அந்தப் பெண் வலது காலை எடுத்து வைத்துப் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் நான் ஸ்டியரிங்கை விடவில்லை. விட்டபோது விரல்கள் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தை நானே எடுத்தேன். சீட்டைத் தூக்கி, இண்டு இடுக்கு விடாமல், அன்று விழுந்த அட்சதை உட்பட அத்தனையையும் கூட்டினேன். ஜமக்காளத்தை வெளியே உதறிக் கொடியில் போட்டேன். எஞ்சின் தானாக ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்தே வைத்தேன். என் மனைவி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே சேலையை உருவி மடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கை நின்றது.

கரைக்குப் பக்கத்தில், ஹாரன் பந்தில் இருந்த அதே அளவில், வட்டமாக ஒரு ஓட்டை. சுற்றிலும் சின்னச் சின்னப் பல் அடையாளம்.

அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, என் பக்கம் நீட்டி, ஆட்டிக் காட்டினாள். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் உளறிவிட்டேன்.

"இனிமே இந்தக் காருல எலி வராது. நான் பொறுப்பு. இந்தத் தைப்பூசத்துக்கு உன்னையப் பழனிக்கு இதுலயே கூட்டிட்டுப் போறேன். பின்சீட்டுல, மகாராணி மாதிரி!"

விரலை உருவிக்கொண்டு, சேலையை இரண்டாக மடித்தபடி அவள் சொன்னாள்:

"மாட்டு வண்டிக்குச் சொல்லிவிடுங்க."